எண்பத்தெட்டரை மைல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வாரம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "ஒசாகா எத்தினி மைலுபா?" ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட மைலைக் கேட்டார்கள். மைலைத் தெரிந்துகொண்டவர்கள் மணியைக் கேட்டார்கள். எழுபதாம் வருஷம், தை மாதம். ஒசாகாவில் நடக்கப்போகிற ஒரு கைத்தறிக் கண்காட்சியில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்து காட்ட உமாபதியைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. திருப்பதியைத் தாண்டிப் போனவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற தெரு அது. ஆகாசத்தில் போகப்போகிறவன் ஒருவன் கிடைத்தால் சும்மா விடுவார்களா?

உமாபதிக்கோ இரண்டு பேர் சேர்ந்தாற்போலக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தறியில் உட்கார்ந்தால் ராஜா. எழுந்து தெருவுக்கு வந்துவிட்டால், எதிரே வருகிற ஆட்டுக்குக்கூட வழிவிட்டு ஒதுங்குகிற மனுஷன். வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது அவன் மனைவி கமலாட்சிதான்.

கமலாட்சிக்குக் கணக்கு என்றால் உயிர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். பள்ளிக்கூடம் நின்றதே தவிர அவள் மூளை நிற்கவில்லை. வரதராஜர் தேர் வரும்போது ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும். இவள் மட்டும் தேர்ச்சக்கரம் எத்தனை சுற்று சுற்றினால் காந்தி ரோடு முடியும் என்று மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருப்பாள். சாமிக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கோபிக்கவில்லை.

கடிதத்தோடு பயணத் திட்டம் என்று தமிழில் ஒரு தாள் இருந்தது. கமலாட்சி அதை ஒருதடவை பார்த்தாள், அவ்வளவுதான், மனப்பாடம். சென்னையிலிருந்து கல்கத்தா எண்ணூற்று அறுபது மைல், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து பாங்காக் ஆயிரத்து இருபது மைல், இரண்டு மணி இருபது நிமிஷம். பாங்காக்கிலிருந்து ஹாங்காங் ஆயிரத்து ஐம்பது, இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். ஹாங்காங்கிலிருந்து ஒசாகா ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது, மூன்றேகால் மணி.

"ஆக மொத்தம் நாலாயிரத்து நானூத்தி எழுபது மைலு. ஆகாசத்துல மட்டும் பத்தேகால் மணி நேரம். நடுவுல இறங்கி ஏறி உக்காந்துக்கினு இருக்கிறது தனி" என்று அவள் குழாயடியில் சொன்னபோது குடங்கள் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்று நாட்கள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர் என்று எத்தனை தடவை சொன்னாளோ, அதற்கு மட்டும் அவளிடம் கணக்கு இல்லை.

நான்காம் நாள் காலை. இருவரும் தறியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கமலாட்சி கையில் பிடித்த நாடாவை, குறுக்கிழை சுற்றிய அந்தச் சின்னக் கட்டையை, வீசாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அங்க போயி இன்னா சேலை நெய்யப் போறீங்க?"

"கோர்வைதான். அதைத்தானே கேட்டுக்கிறாங்க."

"சரி. இந்தப் பக்கத்துக் கரையை யாரு போடறது?"

உமாபதி மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தான்.

கோர்வைச் சேலை என்பது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியே இரண்டு நாடா. நெய்கிறவன் உடல் நாடாவை வீசுவான், இடப்பக்கத்துக் கரையையும் அவனே பார்த்துக்கொள்வான். வலப்பக்கத்துக் கரைக்கு அவனுக்குக் கை எட்டாது. அங்கே பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து, வருகிற நாடாவை வாங்கி, உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற மாதிரி கோத்து, திருப்பி அனுப்பவேண்டும். ஒவ்வொரு இழைக்கும் இதே வேலை. அந்தக் கோப்பு சரியாக விழுந்தால் சேலை நைந்து கந்தலானாலும் கரை பிரியாது என்பார்கள். பதினெட்டு வருஷமாக உமாபதிக்கு அந்த வலப்பக்கம் கமலாட்சிதான்.

"போன மாசம் ஆபீசர் வந்தாரே, அவரு கேட்டாரு" என்று உமாபதி மெதுவாகச் சொன்னான். "உங்க தறிக்கு எத்தினி பேருன்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒரு ஆளுன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. கூட்டுறவுச் சங்கத்தில் தறி ஒன்று என்றால் பெயர் ஒன்று. பாவு நூல் வாங்கப் போனால் ஒரு பெயர், பட்டு வாங்கப் போனால் ஒரு பெயர், சங்கத் தேர்தல் வந்தால் ஒரு ஓட்டு. அந்த ஊரில் எந்த நெசவுக்காரனைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு தறி, ஒரு ஆள் என்றுதான் சொல்வான். பக்கத்தில் பெண்டாட்டி நாடாவும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், அவள் எதிரிலேயே சொல்வான். அவளும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். கமலாட்சியே அப்படி எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருந்தவள்தான். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

நாடாவைக் கீழே வைத்தாள். எழுந்தாள்.

"அப்ப அந்த ஒரு ஆளே நெய்யட்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் தறி சத்தம் போடவில்லை. சோறு வேளாவேளைக்கு வந்தது, குழம்பில் உப்பும் சரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. உமாபதி தனியாக உட்கார்ந்து பார்த்தான். உடல் நாடாவை வீசிவிட்டு, எக்கி, உடம்பை வளைத்து அந்தப் பக்கம் போய்க் கோத்துவிட்டு வருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. அரை அங்குலம் நெய்தான். கரையோரம் எறும்பு ஊர்ந்த மாதிரி இழை இழையாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பிரித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனான்.

சங்கத் தலைவர் மயில்வாகனம் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்தே? ரெண்டு ஆளு வேணும்னா ரெண்டு ஆளு. நம்ம வேலாயுதத்தைக் கூட்டிக்கினு போ. வியாழக்கிழமை சென்னை ஆபீசர் சீனிவாசன் சார் வர்றாரு. பேசி முடிச்சிடுவோம்." வேலாயுதம் அவருடைய அக்கா மகன்.

உமாபதி வீட்டுக்கு வந்து, வாசற்படியைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னான்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கமலாட்சி கேட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் பேச்சு.

"தலையாட்டினேன்."

"சரின்னா, இல்லன்னா?"

"சும்மா ஆட்டினேன்."

கமலாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்ததா? இருந்தது, பொய் சொல்வானேன். நாலாயிரத்துச் சொச்சம் மைலையும் மனதுக்குள்ளேயே நாலு தடவை போய் வந்தவள் அவள். ஆனால் விமானத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அந்தச் சேலையில் தன் கையும் இருக்கிறது என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை, நாலு பேர் எதிரில் வரவேண்டும். அதற்கு எத்தனை மைல் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை சீனிவாசன் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பேனாவும் பென்சிலும், கையில் தோல் பை. மயில்வாகனமும் வேலாயுதமும் கூட வந்தார்கள். சீனிவாசனுக்குப் பட்டைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாத நல்ல குணம் இருந்தது. "இரண்டு பேர் வேணும்னு கடைசி நேரத்துல சொல்றீங்க. நான் மேல எழுதணும்னா கண்ணால பார்த்துட்டுத்தான் எழுதணும். நெய்து காட்டுங்க" என்றார்.

உமாபதியும் வேலாயுதமும் உட்கார்ந்தார்கள். வேலாயுதம் சோடை போனவன் அல்ல, நல்ல வேலைக்காரன். ஆனால் உமாபதி வீசுகிற வேகத்துக்கு அவன் வாங்கவில்லை. அவன் திருப்பி அனுப்பும்போது இவன் தயாராக இல்லை. இழையை அவன் கொஞ்சம் கூடுதலாக இழுத்தான். "இரு", "ம்", "இப்ப விடு" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நெய்தார்கள். கமலாட்சி சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவளும் உமாபதியும் நெய்யும்போது பேசியதே கிடையாது, பேசத் தேவையும் இருந்ததில்லை.

ஒரு அங்குலம் முடிந்ததும் வேலாயுதம் தானே குனிந்து கோர்வையைத் தடவிப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மாமா, இது தேறாது. கரை சுருங்கிக்கினு வருது. இந்தத் தறிக்கு அக்கா கையி பழகிப்போச்சு. நானு ஒரு வருஷம் உக்காந்தாத்தான் இவரு வேகம் புடிபடும்." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "அக்கா, வந்து உக்காருக்கா."

இப்படி ஒரு மனுஷன் தன் வாயால் சொல்வான் என்று கமலாட்சி எதிர்பார்க்கவில்லை. மயில்வாகனமும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாடா போனது, வந்தது, போனது, வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை சண்டையாகவே இருந்தது, கைகள் மட்டும் சமாதானமாகிவிட்டன. சீனிவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேலாயுதத்துக்கு ஆன நேரத்தில் இவர்கள் மூன்று அங்குலம் நெய்திருந்தார்கள். அவர் கோர்வையை விரலால் தடவினார். எங்கே ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் சரிதான் சார்" என்றார் மயில்வாகனம். "பொம்பளையாச்சே. சென்னைக்கு பஸ்ல போனாலே வாந்தி எடுக்கிற ஜனங்க. பத்து மணி நேரம் ஒரே இடத்துல குந்திக்கினு ஆகாசத்துல போறதுன்னா சும்மாவா?"

சீனிவாசனுக்கும் அந்தக் கவலை இருந்தது போலும். "ஆமாம்மா. நாலாயிரத்து நானூத்தி எழுபது மைல். சாதாரண தூரமில்லை. உங்களால முடியுமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

கமலாட்சி நாடாவைக் கையில் வைத்தபடியே திரும்பினாள்.

"பத்து மணி நேரம் ஒரே இடத்துல குந்தாத நாளு எங்களுக்கு எது சார்? ஆகாசத்துல காலை நீட்டிக்கலாமாமே. இங்க அதுவும் இல்ல." தறியில் கிடந்த சேலையைக் காட்டினாள். "தூரத்தைச் சொன்னீங்க. ஒரு கணக்கு சொல்றேன், சரியான்னு பாருங்க. சேலை உடம்பு அகலம் முப்பத்துநாலு அங்குலம். ஒரு அங்குலம் நெய்ய அறுபது தரம் நாடா போவணும். ஆறு கெஜம்னா இருநூத்திப் பதினாறு அங்குலம். அப்ப ஒரு சேலைக்கு எத்தினி தரம்?"

சீனிவாசன் தன்னையறியாமல் பென்சிலை எடுத்தார். பயணத் தாளின் பின்பக்கத்தில் பெருக்கினார். "பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

"ஒவ்வொரு தரமும் முப்பத்துநாலு அங்குலம். கெஜமாக்குங்க."

"பன்னிரண்டாயிரத்து இருநூத்து நாற்பது கெஜம்."

"மைலுக்கு ஆயிரத்து எழுநூத்தி அறுபது கெஜம். ஏழு மைலுக்கு எண்பது கெஜம்தான் கம்மி. ஒரு சேலை நெய்ஞ்சா இவரு நாடா ஏழு மைலு போவுது சார். ஆடி, திருவிழான்னு நின்ன நாளெல்லாம் தள்ளி, வருஷத்துக்கு முப்பத்தஞ்சு சேலை. பதினெட்டு வருஷம். அறுநூத்தி முப்பது சேலை. நாலாயிரத்து நானூத்திப் பத்து மைலு இந்தத் தறிக்குழியில உக்காந்துக்கினே போயிட்டோம். ஒசாகாவுக்கு இன்னும் அறுபது மைலுதான் பாக்கி."

பென்சில் தாளில் ஓடியது. வேலாயுதம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சீனிவாசன் நிமிர்ந்தார்.

"அறுபது இல்லம்மா. அந்த எண்பது கெஜத்தை விட்டுட்டீங்க. அறுநூத்தி முப்பது சேலைக்கு அது இருபத்தெட்டரை மைல் வருது. எண்பத்தெட்டரை பாக்கி."

கமலாட்சி ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பெருக்கினாள். "ஆமா சார், எண்பத்தெட்டரை. என் தப்பு. இவரு நாடா முப்பத்துநாலு அங்குலம் போனா என் நாடா போறது ஏழு அங்குலம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தரமும் இந்தப் பக்கம் வந்து என் கையைத் தொட்டுட்டுத்தான் அது திரும்பிப் போவணும். நான் வாங்கலன்னா ஒரு மைலுகூடப் போயிருக்காது. இவ்ளோ தூரம் கூடவே வந்துட்டேன் சார். அந்த எண்பத்தெட்டரை மைலை மட்டும் பிளேன்ல வந்துக்கிறேன்."

சீனிவாசன் வாய்விட்டுச் சிரித்தார். மயில்வாகனத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டார். "டில்லிக்கு எழுதறேன். இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதறேன்" என்று சொல்லி, சீனிவாசன் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

அத்தனை பேச்சிலும் உமாபதி ஒரு வார்த்தை பேசவில்லை. தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. பெருமையா, வெட்கமா என்று கமலாட்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்நியன் ஒருவன் சொன்னான், அதிகாரி ஒருவர் ஒத்துக்கொண்டார், இவர் சொல்ல வேண்டாமா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

பங்குனியில் இரண்டு டிக்கெட்டுகள் வந்தன. தறி கப்பலில் முன்னமே போய்விட்டது. தங்கள் மகளை ஐயம்பேட்டையில் கமலாட்சியின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, சித்திரை பிறந்த மறுவாரம் இருவரும் சீனிவாசனோடு விமானம் ஏறினார்கள். தெருவே திரண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பியது. கமலாட்சிக்கு வாந்தி வரவில்லை. உமாபதிக்குத்தான் கல்கத்தா போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வந்தது, அதை ஊரில் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஹாங்காங்கிலிருந்து கடைசிப் பறப்பு. ஜன்னலோரம் கமலாட்சி, நடுவில் உமாபதி, ஓரத்தில் சீனிவாசன். கீழே கடல், அதற்குக் கரை எங்கே என்று தெரியவில்லை. "ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால. கடிகாரத்தைத் தள்ளி வச்சுக்கோங்க" என்று சீனிவாசன் சொன்னார். திரும்பி வரும்போது அந்த மூன்றரை மணியும் முழுசாகக் கிடைத்துவிடுமா என்று கமலாட்சி கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

இறங்க அரை மணி இருக்கும்போது விமானப் பணிப்பெண் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாள். அந்த நாட்டுக்குள் நுழைகிறவர்கள் பெயர், வயது, ஊர், வேலை எல்லாம் எழுதித் தரவேண்டுமாம். இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. சீனிவாசனே எழுதினார். உமாபதியின் சீட்டை முடித்துவிட்டுக் கமலாட்சியின் சீட்டை எடுத்தார். பெயர் எழுதினார். வயது முப்பத்தைந்து. ஊர் காஞ்சிபுரம். வேலை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது.

"அம்மா, இதுல மனைவின்னு போட்டுடறேன். பெண்களுக்கு அப்படித்தான் வழக்கமா எழுதறது" என்றார்.

கமலாட்சி வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அத்தனை உரக்க உமாபதி பேசி அவள் கேட்டதில்லை. முன் வரிசைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சார் அது மனைவி? அவ எனக்குத்தான் மனைவி. ஜப்பான்காரனுக்கு அது இன்னாத்துக்கு? எனக்கு இன்னா எழுதினீங்களோ அதையே எழுதுங்க. நெசவாளின்னு எழுதுங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் நெய்யறோம்."

சொல்லிவிட்டு, தான் கத்திவிட்டோம் என்று புரிந்து, உமாபதி வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான். சீனிவாசன் 'வீவர்' என்று இங்கிலீஷில் எழுதினார்.

நாலு பேர் என்ன, விமானமே கேட்டுவிட்டது. பூமிக்கு மேலே எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் அந்த வார்த்தை வந்தது என்றுகூடக் கமலாட்சிக்குக் கேட்கத் தோன்றவில்லை. கையை நீட்டிச் சீட்டை வாங்கினாள்.

"எது சார் அந்த வார்த்தை?"

அவர் பேனா முனையால் காட்டினார். அவள் அதன்மேல் விரலை வைத்து எண்ணினாள், ஆறு எழுத்து. பிறகு புருஷன் மடியில் கிடந்த சீட்டையும் எடுத்து, அதே இடத்தில் விரலை வைத்து எண்ணினாள். அதே ஆறு எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு சீட்டையும் ஒன்றாக அடுக்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.